அழகப்பனும் ரங்கராஜ நம்பியும்

2008ஆம் ஆண்டு நான் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படங்கள் இரண்டே இரண்டு. பிப்ரவரி 1ஆம் தேதி வெளிவந்த 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' ஒன்று. ஜூன் 13ஆம் தேதி வெளிவந்த 'தசாவதாரம்' மற்றொன்று. முதல் படம் சிரிக்க வைக்க வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது, சாமி சிலை ஒன்றைச் சுற்றி ஓடும் மர்மப் படம். மூன்று மணி நேரம் உட்கார வைத்தது. ஆனால் வெளியே வரும்போது ஒரு கேள்வியையும் கையில் கொடுத்து அனுப்பியது.

இத்தனை வருடம் கழித்து இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சென்ற மாதம் என் பேரன் பள்ளிக்கூடத்துக்காகச் சோழர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். அதில், 'இரண்டாம் குலோத்துங்கன் தன் பேச்சைக் கேட்காத ஒரு வைணவரைப் பெருமாள் சிலையோடு கட்டிக் கடலில் போட்டான்' என்று ஒரு வரி. எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்றேன். டிவியில் பார்த்தேன் தாத்தா என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. எனக்கே சோழர்கள் சினிமா மூலம்தான் அறிமுகம்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பம் ஆரணியில் தறி நெய்த குடும்பம். அப்பா மட்டும் தறியை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி அதிக நாள் ஆகவில்லை. பிரெஞ்சு படித்தால் பையன் பெரிய ஆளாகிவிடுவான் என்று யாரோ சொல்ல, என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் போட்டுவிட்டார். பதினான்காம் லூயி, பதினைந்தாம் லூயி, பதினாறாம் லூயி என்று மன்னர்கள் வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ராஜராஜனுக்குப் பிள்ளை ராஜேந்திரன் என்பது தெரியாது. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'ராஜராஜ சோழன்' படத்தில் சிவாஜியைப் பார்த்துத்தான் தஞ்சைப் பெரிய கோயில் யார் கட்டியது என்பதே மனதில் பதிந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. பிறகு ஊருக்கே திரும்பி வந்து, அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக முப்பத்து சொச்சம் வருடம் கோப்பு கட்டி ஓய்வு பெற்றேன். சோழர்களைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்த நாளில் ஊர் நூலகத்தில்தான்.

ஆகவே சினிமா சரித்திரம் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் சிரிப்புப் படம்

'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' படத்தை எழுதி இயக்கியவர் தம்பி ராமையா. வடிவேலு கதாநாயகன். நாடக மேடையில் வேஷம் கட்டும் ஒருவன் தேவலோகம் போகிறான், எமலோகமும் பார்க்கிறான். எமனாக வருபவரும் வடிவேலுவே. கதையைக் கேட்டாலே சிரிப்பு வரவேண்டும். நானும் அந்த நம்பிக்கையில்தான் போனேன்.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. 1944இல் பி.யு. சின்னப்பா நடித்த 'ஜகதலப்ரதாபன்' படத்திலேயே கதாநாயகன் மேலோகம், நாகலோகம் எல்லாம் போய்ப் பெண் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். எமனை வைத்துக் கேலி செய்வதும் பழைய சரக்குதான். 1980இல் சிவாஜி எமனாக வந்த 'எமனுக்கு எமன்', 1990இல் ரஜினி நடித்த 'அதிசயப் பிறவி' என்று ஒரு பட்டியலே உண்டு. நம்முடைய தெருக்கூத்தில் எமன் வேஷக்காரரைக் கட்டியங்காரன் படுத்தாத பாடா? நம் ஜனங்கள் சாமியைக் கும்பிடுவார்கள், அதே சாமியிடம் வம்பும் இழுப்பார்கள். அதனால் யாருக்கும் மனம் புண்பட்டதில்லை.

பிறகு ஏன் இந்தப் படத்தில் சிரிப்பு வரவில்லை? வடிவேலு மேல் பழி போட முடியாது. முகத்தை ஒரு கோணல் கோணினால் தியேட்டரே குலுங்கும் ஆள் அவர். என் கணக்கு இதுதான்: அழகப்பனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அதாவது, நமக்கு உறைக்கிற மாதிரி ஒரு கஷ்டம் இல்லை. தேவலோகத்தில் அவனுக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நாம் கவலைப்படவே இல்லை. வேஷமும் செட்டும் பாட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இன்டர்வெல்லில் முறுக்கு வாங்கப் போனார். திரும்பி வரும் அவசரம் அவரிடம் தெரியவில்லை.

1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் சாமிப் படம்தான். ஆனால் அந்தப் படத்தில் இன்றுவரை ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது நாகேஷின் தருமியைத்தான். தருமிக்கு என்ன குறை? வறுமை. ஆயிரம் பொன் கிடைத்தால் கஷ்டம் தீரும். பாட்டு எழுத வராது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சபையில் மாட்டிக்கொள்கிறான். எதிரே நிற்பது சிவபெருமான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தருமி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பசி இருக்கிறது. அதனால்தான் சிரிப்பு வருகிறது. பட்டறையில் கூலி பாக்கி கேட்டு முதலாளி வீட்டு வாசலில் நின்ற நெசவாளிகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தருமி நின்ற நிலையும் அதுவேதான்.

வடிவேலுவே 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' என்று ஒரு படம் கொடுத்தாரே, அதையும் பாருங்கள். சிம்புதேவன் இயக்கியது. வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கும் முட்டாள் ராஜா ஒருவன், அவனுக்கு எதிராகப் புரட்சி செய்யும் இரட்டைச் சகோதரன் ஒருவன். சாதிச் சண்டை போட மைதானம் திறந்து வைக்கிறான் ராஜா. வெளிநாட்டுப் பானத்துக்கு விளம்பரம் செய்கிறான். கதை நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் என்றாலும் அடி விழுந்தது இன்றைய நம் முதுகில். தியேட்டரே சிரித்தது, சிரித்துவிட்டு யோசிக்கவும் செய்தது.

இரட்டை ராஜகுமாரர்கள் கதை 'உத்தம புத்திரன்' கதை. 1940இல் சின்னப்பாவும், 1958இல் சிவாஜியும் நடித்தார்கள். அதற்கும் மூலம் எங்கே என்றால், நான் படித்த பிரெஞ்சுப் புத்தகத்தில். அலெக்சாந்தர் துய்மா எழுதிய நாவலில் பதினான்காம் லூயிக்கு ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு. முகத்தில் இரும்பு முகமூடி பூட்டி அவனைச் சிறையில் வைத்திருப்பார்கள். சரித்திரத்தில் உள்ளது என்ன? பெயர் வெளியே சொல்லப்படாத ஒரு கைதி இருந்தார், அவர் 1703இல் பாஸ்தீய் சிறையில் இறந்தார், முகத்தை மூடியிருந்தது கறுப்பு வெல்வெட் துணி. அந்தத் துணியை இரும்பாக்கியவர் வோல்த்தேர். ராஜாவுக்கு அண்ணன் என்ற பேச்சையும் அவரே கிளப்பினார். துய்மா அந்த அண்ணனை இரட்டைப் பிள்ளையாக்கினார். நம் ஆட்கள் அவனைத் தமிழ் பேச வைத்தார்கள். கடைசியில் வடிவேலு அவனுக்கு மீசை ஒட்டினார்.

இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். புலிகேசி 23 என்று ஒரு ராஜா இருந்ததில்லை. அவனை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. கற்பனை ராஜாவை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லலாம். உண்மை ராஜாவைப் பிடித்துக்கொண்டு கற்பனையைச் சொல்லும்போதுதான் பொறுப்பு வந்து சேருகிறது.

அடுத்தது சாமிப் படம்

'தசாவதாரம்' கமல்ஹாசனின் கதை, கே.எஸ். ரவிக்குமார் இயக்கம். கமலுக்குப் பத்து வேஷம். கதை பன்னிரண்டாம் நூற்றாண்டில், சிதம்பரத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் குலோத்துங்கனாக நெப்போலியன். அவன் ஆட்கள் கோவிந்தராஜப் பெருமாள் சிலையைப் பெயர்த்துக் கடலில் போட வருகிறார்கள். ரங்கராஜ நம்பி என்ற வைணவர் தடுக்கிறார். ஐந்தெழுத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்கிறார்கள். அவர் எட்டெழுத்தை விடமாட்டேன் என்கிறார். சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் இறக்கிவிடுகிறார்கள்.

பிறகு படம் ஒரே தாவாகத் தாவி இந்தக் காலத்துக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி, கொடிய கிருமி அடைத்த ஒரு குப்பி, அதைத் துரத்தும் ஒரு வெள்ளைக்காரக் கொலையாளி. குப்பி சிதம்பரத்தில் ஒரு பாட்டி கையால் பெருமாள் விக்கிரகத்துக்குள் போய்ச் சேர்கிறது. ஓட்டம் ஓட்டமாக ஓடி, 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் கதை முடிகிறது. கடல் விழுங்கிய பழைய சிலையைக் கடலே திருப்பிக் கொடுக்கிறது.

படம் எனக்குப் பிடித்ததா என்றால், பாதி பிடித்தது. பல்ராம் நாயுடு என்ற தெலுங்கு அதிகாரி வரும் இடமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்புப் படத்தில் கிடைக்காத சிரிப்பு இங்கே கிடைத்தது. மணல் கொள்ளையை எதிர்க்கும் பூவராகன் பாத்திரம் மனதில் நின்றது. ஆற்று மணல் என்ன ஆனது என்று எங்கள் கமண்டல நாகநதிக் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது எளிதில் புரியும். ஆனால் சில வேஷங்களில் முகத்தில் ஒட்டிய பூச்சுதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. முதல் கால் மணி நேரக் கதைக்கும் மீதிப் படத்துக்கும் சிலை ஒன்றுதான் முடிச்சு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வது எங்கள் ஊர் வழக்கம்தான், இரண்டும் சேர்ந்து ஒரு மினுமினுப்பு வரும். இதில் அது வரவில்லை. இரண்டு புடவையைச் சேர்த்துத் தைத்தது போல இருந்தது.

ஆனாலும் அந்த முதல் கால் மணி நேரம் சாதாரணமானது இல்லை. இரைச்சல் போடுகிற தியேட்டர் அமைதியாகிவிட்டது. படம் வருவதற்கு முன்பே, சைவ வைணவப் பகையைக் கிளறுகிறது என்று வழக்கும் போட்டார்கள். படம் நிற்கவில்லை, குறித்த நாளில் வந்தது. வந்த பிறகு எங்கள் ஊரில் இரண்டு நாமக்காரர்களும் நான்கு பட்டைக்காரர்களும் டீக்கடையில் வாக்குவாதம் செய்தார்கள். சண்டை இல்லை, வாக்குவாதம்தான். நடந்ததா, நடக்கவில்லையா என்பதே கேள்வி. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போது அதையே கோப்பு போட்ட மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

கோப்பில் என்ன இருக்கிறது

நிலத் தகராறு ஆபீசுக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்று. வாதியும் பிரதிவாதியும் எந்தெந்த விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்? இரண்டு பேரும் 'கிழக்கே கிணறுவரை' என்று ஒப்புக்கொண்டால் கிழக்கு எல்லையை அளக்கும் வேலை இல்லை. சரித்திரத்துக்கும் இந்த வழி உதவும்.

ராஜா பக்கத்துச் சாட்சி ஒட்டக்கூத்தர். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் ராஜராஜன் என மூன்று தலைமுறைக்கும் சபைப் புலவர். மூவருக்கும் உலா பாடியவர். தில்லை முற்றத்தில் இருந்த திருமால் குலோத்துங்கன் காலத்தில் அப்புறப்படுத்தப்பட்டுக் கடலுக்கு அனுப்பப்பட்டதாக உலாவிலும் தக்கயாகப் பரணியிலும் அவரே பாடியிருக்கிறார். அதுவும் வருத்தமாக இல்லை, பெருமையாக. கடல் திருமாலுக்குப் பழைய வீடுதானே, வீட்டுக்கே அனுப்பிவைத்தோம் என்ற தோரணையில்.

இந்த ஒட்டக்கூத்தர் எங்கள் ஊர் செங்குந்தர் வீடுகளில் சொந்தத் தாத்தாவைப் போல. நெசவாளர் குலத்தில் பிறந்து ராஜசபை ஏறியவர். தங்கள் குலத்தைப் பாடச் சொல்லிச் செங்குந்தர்கள் எழுபது தலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள், அவர் ஈட்டி எழுபது பாடினார், பிறகு இன்னொரு பாட்டுப் பாடித் தலைகளை ஒட்டவைத்தார் என்று கதை உண்டு. ஆரணியில் பாவு ஓடும் வீதியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். படத்தில் ராஜா வருகிறான், வீரர்கள் வருகிறார்கள். நடந்ததை எழுதிவைத்த அந்தப் புலவர் மட்டும் நினைவில் நிற்கும்படி வரவில்லை. எங்கள் ஊருக்கு அதில் ஒரு குறை.

எதிர்ப் பக்கத்துச் சாட்சி வைணவர்களின் குருபரம்பரைக் கதைகள். அவை 'கிருமிகண்ட சோழன்' என்று ஒரு ராஜாவைச் சொல்கின்றன. அவனுக்குப் பயந்து ராமானுஜர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மைசூர்ப் பக்கம் போனார், கூரத்தாழ்வான் கண்ணை இழந்தார், பெரிய நம்பி உயிரை விட்டார் என்கின்றன. தில்லைப் பெருமாளின் உற்சவ மூர்த்தியைப் பக்தர்கள் காப்பாற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோக, ராமானுஜர் மலையடிவாரத்தில் கோவிந்தராஜரைப் பிரதிஷ்டை செய்தார் என்றும் சொல்கின்றன.

ஆக, பெருமாளைத் தில்லையிலிருந்து அப்புறப்படுத்தியது உண்மை. செய்தவர்கள் பெருமையாக ஒப்புக்கொள்கிறார்கள், இழந்தவர்கள் அழுது சொல்கிறார்கள். கிழக்கு எல்லை முடிந்தது.

மற்ற எல்லைகள் அவ்வளவு சுலபம் இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1133இல். ராமானுஜர் பரமபதித்தது 1137 என்பது மரபு. அவர் பல வருடம் மேல்கோட்டையில் இருந்துவிட்டு, துன்புறுத்திய சோழன் இறந்த செய்தி கேட்டுத் திருவரங்கம் திரும்பினார் என்பதும் அதே மரபுதான். இந்தக் குலோத்துங்கனோ 1150வரை இருந்தான். கணக்கு இடிக்கிறது. திருப்பதிப் பிரதிஷ்டைக்கு மரபு சொல்லும் ஆண்டு 1130. அப்போது இவன் பட்டத்துக்கே வரவில்லை. அதனால்தான் கிருமிகண்டன் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் அதிராஜேந்திரன் என்கிறார், ஒருவர் முதலாம் குலோத்துங்கன் என்கிறார், ஒருவர் இரண்டாமவன் என்கிறார். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் திருவரங்கம் கோயிலிலேயே நிறைய இருக்கின்றன என்பதும் யோசிக்க வேண்டியது. இரண்டு ராஜாக்கள் காலத்தில் நடந்தவற்றை ஒரே ராஜா தலையில் கட்டியிருக்கலாம். ஆபீசில் இரண்டு மனுவை ஒரே கோப்பில் தைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சிலையோடு கட்டிக் கடலில் இறக்கப்பட்ட ரங்கராஜ நம்பி? அவர் கமலின் கற்பனை. அந்தப் பெயரில் ஒருவர் எந்தப் பக்கத்துச் சாட்சியிலும் இல்லை. ஒட்டக்கூத்தர் ராஜாவின் பெருமையாகச் சொல்வது சிலை போனதைத்தான், ஆள் போனதை இல்லை.

இன்னும் ஒன்று. இந்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். ராஜா சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடக்கிறானே என்று கவலைப்பட்டு, அவனுக்கு அடியார்கள் கதையைச் சொன்னார் என்பது மரபு. சமணக் காப்பியத்தை ரசித்துப் படித்த ராஜா, பெருமாளைக் கடலுக்கு அனுப்பிய ராஜா, பெரிய புராணத்தை அரங்கேற்றிய ராஜா எல்லாம் ஒரே ஆள். நெப்போலியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பத்து நிமிஷத்தில் இந்த ஆளுக்கு இடம் இல்லை.

டீக்கடை வாக்குவாதத்தில் எங்களோடு ஒரு சமண நண்பரும் இருந்தார். ஆரணியைச் சுற்றி எத்தனை கிராமங்களில் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க ரெண்டு பேர் சண்டையை நூறு கோடி செலவழிச்சுக்கூட எடுப்பாங்க. மதுரையில எண்ணாயிரம் பேரைக் கழுவேத்தினதா உங்க புராணமே சொல்லுதே, அதை யாராவது எங்க பக்கமா நின்னு எடுப்பாங்களா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கழுவேற்றம் நடந்ததா என்பதிலும் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சந்தேகம் உண்டு. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

அவருக்கு நான் பிறகு சொன்னது இது. ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில் இருக்கும் திருமலைக்குப் போங்கள். அங்கே மலையில் ஐம்பது அடிக்குமேல் உயரமாக நேமிநாதர் நிற்கிறார். அங்குள்ள சமணக் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். சைவரான ராஜராஜனின் அக்காள் பெயரால் சமணக் கோயில். ராஜேந்திர சோழன் கங்கைவரை வென்றதைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அதே திருமலையில்தான் இருக்கிறது. சோழர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்பவரையும், சோழர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்பவரையும் அந்த மலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

படத்தில் வராத பகுதி

கடலுக்குப் போன பெருமாள் கதை படத்தில் ஒரே தாவில் சுனாமிக்கு வந்துவிடுகிறது. நடுவில் எண்ணூறு வருடக் கதை இருக்கிறது. படத்தைவிடப் பயங்கரமான கதை.

1539இல் விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் தில்லையில் கோவிந்தராஜரை மறுபடி பிரதிஷ்டை செய்ய உத்தரவிட்டார். ஏறக்குறைய நானூறு வருடம் கழித்துப் பெருமாள் திரும்பி வந்தார். பிறகு செஞ்சி நாயக்கர்கள் காலம். செஞ்சி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். கிருஷ்ணப்ப நாயக்கர் பெருமாள் சன்னதியைப் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தார். சிவன் கோயில் தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பு என்றால் மனு கொடுக்கவில்லை. கோபுரத்தின்மேல் ஏறி ஒவ்வொருவராகக் கீழே குதித்தார்கள்.

இதைச் சொல்பவர் சைவரும் இல்லை, வைணவரும் இல்லை. 1597இல் அந்த வழியாகப் போன பிமெந்தா என்ற போர்த்துகீசியப் பாதிரியார். சுமார் இருபது பேர் குதித்து இறந்ததையும், நாயக்கர் கோபம் கொண்டு மற்றவர்களைச் சுடச் சொன்னதையும் அவர் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாம் ஆள் சாட்சி என்றால் எந்தக் கோர்ட்டிலும் மதிப்பு உண்டு. பாதிரியாருக்கு நம் கோயில்கள் மேல் பிரியம் கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். 1130களில் பெருமாள் பக்தர்கள் அழுதார்கள். 1597இல் நடராஜர் பக்தர்கள் உயிரை விட்டார்கள். முதல் காட்சியை மட்டும் காட்டினால் சைவன் கொடியவன். இரண்டாவதை மட்டும் காட்டினால் வைணவ ராஜா கொடியவன். இரண்டையும் காட்டினால், அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவன் அடுத்தவன் சாமியை நகர்த்தினான், நடுவில் நின்ற சாதாரண பக்தன் செத்தான் என்பது தெரியும். ரங்கராஜ நம்பி என்று ஒருவர் இல்லை. ஆனால் கோபுரத்திலிருந்து குதித்த இருபது பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

பாரீஸில் நடந்த அதே கதை

'தசாவதாரம்' வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 2006இல், 'தா வின்சி கோட்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. ஏசுநாதருக்கு மணமாகி வாரிசு இருந்தது, அந்த ரகசியத்தைப் பாரீஸில் ஒரு சங்கம் காத்து வருகிறது என்று கதை. தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தீர்ப்பு. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஊருக்கே ஒரு படத்தை மூடக்கூடாது என்பது என் கட்சியும்கூட.

ஆனால் அந்த ரகசியச் சங்கம்? பியேர் பிளான்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் ஓர் ஊரில் பதிவு செய்த சாதாரணச் சங்கம் அது. அதற்குப் பழமை சேர்க்க, போலிக் காகிதங்களைத் தயார் செய்து பாரீஸ் தேசிய நூலகத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் நூலகத்தில் இருக்கிறதே என்று நம்பிப் புத்தகம் எழுதினார்கள். அதை வைத்து நாவல், நாவலை வைத்துச் சினிமா. பாரீஸில் சேன் சுல்பீஸ் மாதா கோயிலில், தரையில் உள்ள பித்தளைக் கோடு படக்கதையில் சொல்வது போல எந்த ரகசியமும் இல்லை, சூரிய ஒளியை வைத்து ஈஸ்டர் நாளைக் கணிக்கப் போட்டது என்று அறிவிப்பே எழுதி வைக்க வேண்டியதாயிற்று. தடை போட்டிருந்தால் ஜனங்கள் இன்னும் அதிகம் நம்பியிருப்பார்கள். அறிவிப்புப் பலகை வைத்தது நல்ல வேலை.

பட்டு வாங்க வருபவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்லிக் கொடுக்கும் ஒரு சோதனை உண்டு. முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், கருகியது விரலில் பொடியும். செயற்கை இழை என்றால் உருகி உருண்டையாகும். கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டியதே இல்லை. சினிமாவில் வரும் சரித்திரத்துக்கும் இப்படி ஓர் இழையை உருவிப் பார்க்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். இதை யார் எழுதிவைத்தார்? அவருக்கு இதில் என்ன லாபம்? எதிராளி என்ன சொல்கிறான்? மூன்றே கேள்வி. புடவையை மொத்தமாகக் கொளுத்த வேண்டாம்.

சிரிப்புப் படம் எடுப்பவர்களுக்கும் என்னிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. இந்திரலோகம், எமலோகம் எங்கே வேண்டுமானாலும் போங்கள். போகிறவனுக்கு ஒரு பசியைக் கொடுத்து அனுப்புங்கள். சாமிப் படம் எடுப்பவர்களிடம் கேட்பதும் ஏறக்குறைய அதுதான். வேஷம் பத்து போட்டுக்கொள்ளுங்கள், எதிராளிக்கும் ஒரு வேஷம் ஒதுக்குங்கள்.

பேரனின் கட்டுரையை நான் அடிக்கவில்லை. 'போட்டான்' என்பதற்குப் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று பென்சிலால் எழுதினேன். வரும் விடுமுறையில் அவனைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறேன். அங்கே ஓர் இடத்தில் நின்றால், ஆடிக்கொண்டிருக்கும் நடராஜரும் படுத்துக்கொண்டிருக்கும் கோவிந்தராஜரும் இரண்டு பேருமே கண்ணுக்குத் தெரிவார்கள். போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே தேங்காய் போதாது, இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.